பசி என்று நான் சொன்ன தீ

அன்புள்ள மகனுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கும் உன் வாப்பா எழுதுவது. உன் கட்டுரை போன வாரம் பதுளைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் இவ்வளவு நீளமாக எதையும் வாசித்து நாளாகிவிட்டது. கண்ணும் முன்போல் இல்லை, வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்கிறார் டாக்டர். பகல் வெளிச்சத்தில் வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். வாசித்ததையெல்லாம் உன் உம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போவதில்லை.

உருவகம் என்பது கவிஞர்கள் மொழிக்குப் பூட்டும் நகை அல்ல, மனிதர்கள் யோசிக்கிற முறையே அதுதான் என்று நீ தொடங்குகிறாய். கோபத்தை நாம் சூடாக நினைக்கிறோம், உடம்பை அந்தச் சூடு அடைபட்ட ஒரு பாத்திரமாக நினைக்கிறோம், அதனால்தான் ரத்தம் கொதிக்கிறது, மனம் பொங்குகிறது, ஆள் வெடிக்கிறான் என்கிறாய். கவிஞன் இதை வானத்திலிருந்து இறக்கிக் கொண்டுவருவதில்லை, நாம் தினமும் பேசுவதையே எடுத்து நீட்டுகிறான், ஒன்றோடொன்று சேர்க்கிறான், எதிர்பாராத பக்கம் திருப்புகிறான் என்கிறாய். உம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். நேற்று மீன்காரன் சொன்ன விலையைக் கேட்டு வயிறு எரிகிறது என்று சொன்னேனே, அதுவும் இதில் சேருமா என்றாள். சேரும் என்றேன். இதற்காகவா பிள்ளை இங்கிலாந்து வரைக்கும் போனான் என்று சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் தான் பேசுவதைத் தானே பிடித்துப் பிடித்து, "இதையும் எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு கட்டுரையின் நடுப்பகுதிக்கு வந்தேன். இராசையா மாமாவின் பாட்டு அங்கே இருந்தது. அதன் கீழே அவருடைய முழுப் பெயர், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர், ஊர் எல்லாம் இருந்தன. அடுத்து இருந்த உன் விளக்கத்தையும் வாசித்தேன், கட்டுரையை மூடிவிட்டேன். அந்தப் பகுதியை உம்மாவுக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்தப் பக்கத்துக்காகத்தான்.

அந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நான் முகச்சவரம் செய்யும்போது அதைத்தான் முணுமுணுப்பேன். அந்த வழக்கைப் பற்றியும் நீ கேள்விப்பட்டிருப்பாய். ஆனால் பஸாரில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற மாதிரிதான் கேள்விப்பட்டிருப்பாய். சிரிப்பு இல்லாமல் அதை உனக்குச் சொன்னவர் யாரும் இல்லை. நானும் சொன்னதில்லை. நீ மற்றவர்களுடைய சொற்களை விளக்குவதையே தொழிலாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தத் தொழிலில் என் வாழ்நாள் கழிந்திருக்கிறது. அதனால் இதை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இராசையாவும் நானும் பதுளையில் ஒரே வகுப்பில் படித்தோம். ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்து, இங்கே தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். இரண்டு பேருமே பாட்டு எழுதினோம். எனக்கு எதுகை மோனை வந்தது, அவனுக்குப் பாட்டு வந்தது. அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினான். தேயிலை ஃபக்டரியின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. நான் சிங்களம் நன்றாகப் படித்து நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனானேன். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பஸ் ஏறி வருவான். புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டுவான். நீ சிறு பிள்ளை, அவன் மடியில் உட்கார்ந்து அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பாய்.

பிறகு அந்தப் பஞ்சம் வந்தது. எழுபதுகளின் நடுவில், அரிசியும் மாவும் இல்லாமல் போன காலம். டவுனில் இருந்த நாம் பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்று எப்படியோ சமாளித்தோம். தோட்டங்களில் கொடுக்கிற மாவைக் குறைத்துவிட்டார்கள், வேலை நாளையும் குறைத்துவிட்டார்கள். மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காதபோது கீரையை மட்டும் அவித்துத் தின்றார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வந்து கடைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். அவர்களில் சிலர் அங்கேயே இறந்தார்கள். இராசையாவின் இரண்டாவது பிள்ளை, பேச்சு வரத் தொடங்கியிருந்த பெண் பிள்ளை, அந்த வருடம் லயத்து வீட்டிலேயே, தோட்டம் கொடுத்த ஒற்றை அறையிலேயே, இறந்தது. வயிற்றோட்டம் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவன் மனைவி செல்லம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் வேலைக்குப் போயிருந்தான்.

அந்த வருடத் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் அவன் எழுந்து நின்று வாசித்ததுதான் நீ கட்டுரையில் எடுத்திருக்கும் பாட்டு. நீ ஒரு சொல்லை மாற்றி எழுதியிருக்கிறாய், அதனால் சரியாக இங்கே தருகிறேன்.

உலை ஏற்றாத வீட்டில்
ஓர் அடுப்பு எரிகிறது.
விறகு கேட்காத அடுப்பு.
பிள்ளை வயிற்றில் பற்றி
என் நெஞ்சுக்கு ஏறிய தீ
மேட்டுப் பங்களாவுக்கு
வழி கேட்டு நிற்கிறது.

கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லையாம். பெண்கள் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்களாம். அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஃபக்டரியின் மேல்மாடியில் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை, கூரையின் ஒரு பக்கமும் வாட்டுத் தட்டுகளும் எரிந்துபோயின. மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில் ஆட்கள் நிற்கும்போதே பொலிஸ் வந்து இராசையாவைக் கூட்டிக்கொண்டு போனது. அவன் வாசித்த பாட்டை யாரோ பொலிஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். துரையின் பங்களாவுக்குத் தீ வைக்கப் போகிறேன் என்று அதில் இருப்பதாக இன்னொருவர் சிங்களத்தில் விளக்கியும் கொடுத்திருந்தார்.

வழக்கு பதுளை நீதிமன்றத்துக்கு வந்தது. சந்தேக நபர் என் நண்பர், நான் மொழிபெயர்ப்பது சரியாக இருக்குமா என்று நீதவானிடமே கேட்டேன். அன்று வேறு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை. நீர் சத்தியம் செய்தவர்தானே, சொல்லும் என்றார். பாட்டு எழுதியிருந்த தாளை என் கையில் தந்தார்கள். கூண்டில் இராசையா நின்றான். பொலிஸில் நான்கு நாள் வைத்திருந்து முகம் வீங்கியிருந்தது. நான் அவனைப் பார்க்காமல் வாசித்து, சிங்களத்தில் சொன்னேன்.

மகனே, நான் எந்தச் சொல்லையும் விடவில்லை, எந்தச் சொல்லையும் சேர்க்கவுமில்லை. வயிற்றை வயிறு என்றேன், நெஞ்சை நெஞ்சு என்றேன். நீதவான் யோசித்துவிட்டு, இந்தத் தீ எது, ஃபக்டரியில் வைத்த தீயா என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. வாயில் வந்தது இதுதான்: ஐயா, சிங்களத்தில் பசிக்கு என்ன சொல்கிறோம்? 'படகினி' என்கிறோம். பட என்றால் வயிறு, கினி என்றால் நெருப்பு. வீட்டில் பிள்ளை 'படகினி' என்று அழுதால் யாரும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தமிழிலும் அப்படித்தான். பிள்ளையின் வயிற்றில் பற்றியது பசி. வெறும் வயிற்றில் கிடப்பவனுக்கு நெஞ்சு எரியும், அதைத்தான் நெஞ்சுக்கு ஏறியது என்கிறார். அந்தப் பசி பங்களாவுக்கு வழி கேட்கிறது, துரையிடம் அரிசி கேட்பதற்காக.

நீதிமன்றம் சிரித்தது. நீதவானும் சிரித்தார். பொலிஸ்காரர்களிலேயே ஒருவர், ஆமாம் அது சரிதானே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எல்லோரும் தினமும் சொல்லிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் பார்க்காத ஒரு சொல்லை நான் திறந்து காட்டியதில் அவர்களுக்குச் சந்தோஷம். நீ இன்று புத்தகங்களை வைத்து எழுதியிருப்பதும் அதுதான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே உடம்போடு இருப்பதால் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்கிறாய். அன்று அது உண்மையாக இருந்தது. அந்த ஒற்றுமைதான் அவனைக் காப்பாற்றியது. கீழே இருக்கும் அடுப்பு இயந்திரத்திலிருந்து பறந்த பொறியில் தீ தொடங்கியிருக்கலாம் என்று தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரும் சொன்னார். போதிய சாட்சியம் இல்லையென்று நீதவான் அவனை விடுவித்தார். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நீதிமன்றத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு இரண்டு பேரும் நடந்து வந்தோம். வழியில் தெரிந்தவர்கள் என் முதுகில் தட்டினார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு கடைக்குக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் பேசினான்.

"மச்சான், நான் பசியப் பத்தி எழுதலடா. பாப்பா செத்த அன்னிக்கி எனக்குப் பசிக்கவே இல்ல. கோவம் வந்துச்சு. அதத்தான் எழுதினேன். நீ அதப் பிச்சை கேக்குற பாட்டா ஆக்கிட்ட."

உண்மையைச் சொல்லியிருந்தால் நீ உள்ளே போயிருப்பாய் என்றேன். தீ வைத்தது நீயா என்றும் கேட்டுவிட்டேன்.

"வைக்கல. வைக்கணும்னு நெனச்சேன். நெனச்சத எழுதினேன், அவ்வளவுதான். நீ சொல்லாட்டி நான் உள்ளதான் இருப்பேன், எனக்குத் தெரியும். அதனாலதான் ஒன்மேல கோவப்படவும் முடியல. சிரிச்சாங்கடா. என் புள்ள செத்ததுக்கு எல்லாரும் சிரிச்சாங்க."

பஸ் வந்தது, ஏறிப் போனான். பழைய தோட்டத்தில் அவனுக்கு மறுபடி வேலை தரவில்லை. குடும்பத்தோடு பூனாகலையில் செல்லம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்குள்ள தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்துகொண்டான். அவனுடைய கடைசிப் பிள்ளை பிறந்தபோது ஒருமுறையும், என் தகப்பனார் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது ஒருமுறையும் பார்த்தோம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பாட்டு எழுதுவதை விட்டுவிட்டான். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரை முதலியார் என்பார்களே, அந்த வழக்கப்படி இங்கே என்னை 'படகினி முதலியார்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். ஆரம்பத்தில் மறுத்தேன், பிறகு எழுந்து போய்விடப் பழகிக்கொண்டேன்.

நான் செய்தது தவறென்று எழுதவில்லை மகனே. அதே நீதவான் அதே கேள்வியை இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒருவனைக் காப்பாற்றியதற்கு நன்றியும், அவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டதற்கு வருத்தமும் ஒரே செயலுக்கு வரக்கூடும் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரியாது. உருவகத்தைப் பொதுவழி மாதிரி எழுதுகிறாய், எல்லோரும் நடக்கிற வழி. சரிதான். அந்த வழி தீயிலிருந்து பசிக்கும் போகிறது, கோபத்துக்கும் போகிறது. அன்று நான் அந்தச் சந்தியில் நின்று, கேட்பவர்களை ஒரு பக்கம் திருப்பிவிட்டேன். விளக்கம் சொல்கிற எவனும் அப்படி ஒரு பக்கம் திருப்பித்தான் விடுகிறான், அவன் புத்தகம் எழுதினாலும் சரி, கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாலும் சரி. திருப்பும்போது பாட்டின் சொந்தக்காரன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொள்.

நீ திருப்பியிருக்கும் பக்கம் சரியான பக்கம். அதை வாசித்தபோதுதான் நான் கட்டுரையை மூடினேன். நம் பேச்சில் வயிறு பசிக்கு இடம், நெஞ்சு கோபத்துக்கு இடம். தீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும்போது பசி கோபமாகிறது. அந்த ஏற்றம் அங்கே நிற்காமல் உடம்பை விட்டு வெளியேறி மேட்டுக்குப் போகப் பார்க்கிறது. வயிறு, நெஞ்சு, மலை எல்லாம் ஒரே ஏற்றம் என்று எழுதியிருக்கிறாய். பஸ் நிலையத்தில் அவன் என்னிடம் சொன்னதை நீ கேட்டதே இல்லை. ஆனாலும் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்துவிட்டாய். எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

இப்போது இங்கே காலம் எப்படி இருக்கிறதென்று நீ பத்திரிகைகளில் பார்க்கிறாய். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நீ வீட்டில்தான் இருந்தாய். பஸாரில் தமிழர் கடைகள் எரிந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாய், நம் வீட்டின் பின்னறையில் வந்து ஒளிந்திருந்தவர்களுக்கு நீதான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாய். அதற்குப் பிறகு தோட்டங்களில் தமிழ்ப் பொடியன்களைச் சும்மாவே பிடிக்கிறார்கள். இந்த நேரத்தில், துரையின் பங்களாவை எரிக்க வேண்டுமென்ற கோபத்தைப் பற்றியது இந்தப் பாட்டு என்று, ஆளின் பெயரையும் ஊரையும் போட்டு ஒருவன் அச்சடித்தால் அதை யார் எப்படி வாசிப்பார்கள்? உன்னுடைய பேராசிரியர்கள் மட்டுமா வாசிப்பார்கள்?

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து பூனாகலை பஸ் எடுத்தேன். இராசையாவுக்கு முடி முழுவதும் நரைத்திருக்கிறது. செல்லம்மா பிளேன்டீ ஊற்றித் தந்தாள். கட்டுரையை எடுத்து, பாட்டைப் பற்றிய பகுதி முழுவதையும் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். மற்றப் பகுதிகளை உம்மாவுக்குச் சொன்னதுபோல் சுருக்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். 'வழி கேட்டு நிற்கிறது' என்பதை, தீயை ஒரு வழிப்போக்கனாக ஆக்கியிருக்கிறார் என்று நீ எழுதிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

பங்களாப் பாதையில் தோட்டத்து ஆட்கள் நினைத்தபடி நடக்க முடியாதாம். போக வேண்டுமானால் கங்காணியிடம் கேட்டு, அவர் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, உத்தரவு வந்த பிறகுதான் போகலாமாம். பிள்ளைக்கு முடியாமல் போன அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்பதற்காக அப்படி வழி கேட்டுக்கொண்டு நின்றானாம். உத்தரவு வரவில்லை. நிற்கிறது என்று எழுதியது அதற்காகத்தான் என்றான். அந்தக் கதை எனக்கும் இத்தனை நாள் தெரியாது. பிறகு மீதியை வாசிக்கச் சொன்னான். முடிந்ததும் உன்னைப் பற்றிக் கேட்டான், குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம்.

"பொடியன் சரியாப் படிச்சிருக்கான். எம் பேரப் போடச் சொல்லு மச்சான். தோட்டத்துப் பேரையும் போடச் சொல்லு. இத்தன வருசமா அது பிச்சைப் பாட்டாவே கெடந்துருச்சு."

சரி சொல்கிறேன் என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வெகுகாலம். பஸ் நேரம் ஆனதும் எழுந்தேன். அவனுக்குக் காலில் வலி, வாசலோடு நின்றுகொண்டான். செல்லம்மா வழியனுப்புவது மாதிரி கூடவே வந்தாள். லயத்து வளைவு தாண்டியதும் நின்றாள். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, அன்னிக்கி கேஸ் முடிஞ்சிருச்சுனு சொன்னீங்க. எங்களுக்கு முடியல. எங்க எது நடந்தாலும் இவரத்தான் வந்து கேக்குறாங்க. இப்ப பெரியவனையும் ரெண்டு தடவ ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. அவரோட பாட்டுக்காக ஒரு புள்ளயக் குடுத்த மாதிரி ஆகிறக் கூடாது. பேரு வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிறாதீங்க."

அவள் திரும்பிப் போய்விட்டாள். நான் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த வழியெல்லாம் யாருக்கு எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டு பேர் கேட்டதும் நியாயம். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வருகிறது. ஒருவர் சொன்னதை மட்டும் உனக்கு எழுதினால் வேலை சுலபம். இரண்டையும் அவர்கள் வாயில் வந்தபடியே எழுதிவிட்டேன்.

நான் இப்படி முடிவு செய்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் பூனாகலைக்குப் போகிறேன், இந்த முறை உன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு. உம்மா செல்லம்மாவோடு பேசட்டும். செல்லம்மா சொல்ல வேண்டியதை இராசையாவுக்கு முன்னால் அவளே சொல்ல வேண்டும், அந்தப் பெரிய பையனும் கூட இருக்க வேண்டும். அவர்கள் மூவரும் சேர்ந்து என்ன சொல்கிறார்களோ அதை உனக்கு எழுதுகிறேன். அதுவரை கட்டுரையை அச்சுக்குக் கொடுக்காதே. உன் பட்டத்துக்கு நாள் தள்ளிப்போகும் என்று தெரியும். தள்ளிப்போகட்டும்.

உம்மா கம்பளிச் சட்டை பின்னி முடித்துவிட்டாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நெஞ்சில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபமில்லை மகனே, பெருமை மட்டும்தான். நீ அந்தப் பாட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், தாராளமாக அச்சடித்துக்கொள் என்று நான் அன்றைக்கே எழுதியிருப்பேன். நீ சரியாக வாசித்துவிட்டாய், அதனால்தான் தூக்கம் வரவில்லை.

உன்
வாப்பா